ஆட்டோமேட்டிக் வண்டி, மூணாறு குளிரு, 62,500 ரூவா அவுட்டு. படிச்சிட்டுப் போங்க மக்கா

முந்தாநேத்து ராத்திரிதான் மூணாறுலருந்து வந்து எறங்குனேன், இன்னும் கோவம் அடங்கல. அடங்குறதுக்குள்ள எழுதிருதேன், இல்லன்னா வழக்கம்போல "சரி போட்டும்"னு விட்டுருவேன். பழைய ஆட்டோமேட்டிக் வச்சிருக்கவங்க குளிருக்குள்ள போகும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசில வரிசையா சொல்லுதேன்.

வண்டி 2012 மாடல் டீசல், பெரிய வண்டி. எடது முட்டில ஜவ்வு கிழிஞ்ச பொறவு கிளட்ச் மிதிக்க முடியல, அதான் செகண்ட் ஹேண்ட்ல தேடிப் பிடிச்சி ஆட்டோமேட்டிக் வாங்குனது. பாளையங்கோட்டைக்குள்ள ஓட்டுத வரைக்கும் தங்கம். மகள மூணாறுல கட்டிக் குடுத்துருக்கு, போன மாசம் சங்கரன்கோவில், ராஜபாளையம், தேனின்னு போயி போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவும் ஏறுனேன், ஒரு கொறையும் இல்ல. மறுநாள் காலைல ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்ணி டி-ல, அதான் முன்னால போற கியர்ல, போட்டா வண்டி அசையல. நாலஞ்சு செகண்டு சும்மா நிக்கி, பொறவு அடில யாரோ கடப்பாரையால போட்ட மாதிரி டங்னு ஒரு சத்தம், குதிச்சிக்கிட்டு கெளம்புது. ரெண்டாவது கியர்லயே கெடந்து கத்துது, ஆர்பிஎம் மூவாயிரம், மேல ஏற மாட்டேங்கு. இருபது நிமிஷம் ஓடி சூடான பொறவு ஒண்ணுமே நடக்காத மாதிரி நல்ல புள்ளையாயிட்டு.

ஊருக்கு வந்ததும் பைபாஸ் பக்கம் ஆட்டோமேட்டிக் ஸ்பெஷலிஸ்ட்னு பெருசா போர்டு வச்சிருக்க ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பேரு வேண்டாம், வம்பு. நான் நொண்டிக்கிட்டு எறங்குறதப் பாத்ததும் அந்த மொதலாளி அவனே ஓடிவந்து ஸ்டூலத் தொடச்சிப் போட்டு, "உக்காருங்க அண்ணாச்சி, எங்கம்மைக்கும் இதே முட்டிதான், மாடிப்படி ஏற மாட்டாவ"ன்னான். அங்கன விழுந்துட்டேன் நான். எந்த டாக்டர், என்ன தைலம்னு அரை மணி நேரம் முட்டியப் பத்தித்தான் பேசுனான், வண்டியப் பத்தி ரெண்டு நிமிஷம். கோளாறு பாக்குற ஸ்கேனர் மாட்டல, கியர்பாக்ஸ் ஆயில் பாக்கல. ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, "உள்ள கிளட்ச் பிளேட்டு பூரா தேஞ்சி போச்சி, இன்ஜின் சக்திய கியருக்குக் கடத்துற டார்க் கன்வெர்ட்டரும் போயிட்டு, கியர் பெட்டிய எறக்கித்தான் ஆகணும், நம்ம வண்டி மாதிரி பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி"ன்னான். 62,500. நாப்பதாயிரம் போன்ல அனுப்புனேன், மிச்சம் 22,500 கையில குடுத்தேன். பில்லு? காலண்டர் தாளு பின்னால எழுதுன ஒரு துண்டுச்சீட்டு. இதுல அவங்கம்மைக்குன்னு அரைக் கிலோ உடன்குடி கருப்பட்டி வேற வாங்கிக் குடுத்துட்டு வந்தேன் பாத்துக்கிடுங்க, என்ன மாதிரி கோட்டிக்காரன் உண்டா. பழைய பிளேட்டக் காட்டுங்கன்னு கேட்டதுக்கு ஸ்கிராப்புக்குப் போயிட்டுன்னான். அதுக்கும் தலையாட்டிட்டு வந்தேன்.

இந்த மாசம் மறுபடியும் மூணாறு போனேன். அதே ஆறு மணி, அதே டங்.

அங்கன நின்னே போன் போட்டேன். "புதுசா செஞ்ச பெட்டி அண்ணாச்சி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனாத்தான் செட்டாகும்." மறுநாள் போட்டா, "மூணாறுல குளிருனா நான் என்ன செய்ய, கியர்பாக்ஸுக்கு போர்வையா போத்த முடியும்?" மூணாவது நாளு வேலைக்கு நிக்குற பையன் எடுத்து, மொதலாளி திருச்செந்தூர் போயிருக்காவங்கான். பின்னாலயே மொதலாளி சத்தம் கேக்கு, "யாருல போன்ல"ன்னு! அதுக்குப் பொறவு எடுக்கவே இல்ல.

எறங்கி வரும்போது போடில மருமவன் சொன்ன ஒரு வயசான மெக்கானிக்கிட்ட விட்டேன். மனுசன் அடில படுத்தவரு, "இங்க குனிஞ்சி பாருங்க"ன்னு டார்ச்ச அடிச்சாரு. ஆயில் பேன் போல்ட்டு ஒவ்வொண்ணுலயும் செம்மண்ணு காஞ்சி அப்பிக் கெடக்கு, ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல சிலந்தி வலை. பெட்டி தாங்குற மவுண்ட்டு போல்ட்டுல அப்பிடியே துரு, ஸ்பேனர் பட்ட தடம் இல்ல. "இதத்தான் எறக்கி ஏத்துனானா"ன்னு கேட்டாரு. எனக்குக் காது அடைச்சிட்டு. 62,500 ரூவாய்க்கு ஒரு போல்ட்டு கழட்டல அந்தச் சவத்துப்பய.

அவரு ஸ்கேனர மாட்டி ஆயில் சூட்டப் பாத்துக்கிட்டு, இன்ஜின் ஓட ஓட, ஆயில் அளவு பாக்குற மூடி, அந்த செக் பிளக்கக் கழட்டுனாரு. அளவு சரியா இருந்தா கொஞ்சம் வழியணுமாம், ஒரு சொட்டு வரல. ஆயிலக் குளுத்துற கூலருக்குப் போற ஹோஸ் வாய்ல கசிவு, ஒண்ணேகால் லிட்டர் கொறை. குளிர்ல ஆயில் கெட்டியாகுறதோட சுருங்கவும் செய்யும், ஏற்கெனவே கொறச்சலா இருக்குறது இன்னும் கீழ போகும், பம்ப்பு காத்தயும் சேத்து உறிஞ்சும், பிரஷர் வராது, அதான் டி-ல போட்டா யோசிக்கி. சூடானா ஆயில் வெரிஞ்சி சமாளிச்சிக்கிடும். நம்மூரு வெயில்ல அந்தக் கொறை தெரியவே செய்யாது. காலைல கியர் லேட்டா ஏறுறது பாதி நேரம் கோளாறே இல்லையாம், சூடேறுத வரைக்கும் அப்பிடித்தான் வண்டிக்குள்ள இருக்க கம்ப்யூட்டரே வச்சிருக்குமாம். ஹோஸ், கிளாம்ப்பு, பில்ட்டர், புது ஆயில் எல்லாம் சேத்து 8,400, பில்லோட. அன்னைக்கு ராத்திரியே திரும்ப மூணாறு ஏறி, காலைல போட்டுப் பாத்துட்டுத்தான் ஊருக்கு வந்தேன். டங் இல்ல.

நேத்து நேரா கடைக்கே போனேன். ஸ்டூலு அங்கனயேதான் கெடக்கு, என்னைய உக்காரச் சொல்லல. "அந்தப் போடி மெக்கானிக் தொட்ட வண்டிக்கு நான் எப்பிடி பொறுப்பு"ங்கான். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சேன், பில்லு இருக்கான்னு கேட்டாவ. நாப்பதாயிரத்துக்கு ஸ்க்ரீன்ஷாட் இருக்கு, 22,500க்கு காலண்டர் தாளு இருக்கு. சிலந்தி வலைய போட்டோ எடுத்து வச்சிருக்கேன், நுகர்வோர் கோர்ட்டுல போட்டுத்தான் பாக்கணும், 2 வருஷம் வரைக்கும் டைம் உண்டாம்.

வரிசையா சொல்லுதேன்னேன்ல, கை நடுங்குது, சுருக்கமா சொல்லுதேன். ஆயில் அளவு பாக்காம கியர்பாக்ஸ எறக்கணும்னு சொன்னான்னா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. அந்த வண்டிக்குன்னு எழுதியிருக்க கிரேடு ஆயில்தான் ஊத்தணும், செவப்பா இருக்குற எல்லாம் ஒண்ணு கெடையாது. ஆயில் கருத்து தீஞ்ச வாடை அடிச்சா மட்டும் உள்ள நெசமாவே தேய்மானம் இருக்கலாம். குளிர்ல எடுத்த எடுப்புல அமுக்காதீங்க. விடுததுக்கு முன்ன அடில குனிஞ்சி போல்ட்ட போட்டோ எடுத்துக்கிடுங்க. கையில துட்டு குடுக்காதீங்க. இன்னும் ரெண்டு மூணு இருந்துச்சி, மறந்துட்டு.

62,500. கருப்பட்டியச் சேக்காம.