பென்சில்வேனியாவின் நில மீட்புத் திட்டம்: வாங்குபவருக்கு நிறைவான சேவை, அக்கம்பக்கத்தாருக்குக் குறையுள்ள சேவை

மாசுபட்ட தொழிற்சாலை நிலங்களைச் சுத்தம் செய்து மறுபடியும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1995 முதல் நடத்திவரும் திட்டத்தை, அத்துறையில் இருப்பவர்கள் ‘ஆக்ட் 2’ என்று சுருக்கமாக அழைப்பார்கள். விண்ணப்பம், கட்டணம், காலக்கெடு, முடிவில் கையில் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு என எல்லாம் இருப்பதால், இதை மக்கள் பணம் செலுத்திப் பெறும் ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு மதிப்பிடலாம்.

இந்தச் சேவை எதற்காகத் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1980-இல் வந்த சூப்பர்ஃபண்ட் என்னும் கூட்டரசுச் சட்டம், மாசை உண்டாக்கியவரிடம் மட்டுமல்லாமல், அந்த நிலத்தை இப்போது வைத்திருப்பவரிடமும் சுத்திகரிப்புச் செலவை வசூலிக்க வழி செய்தது. நோக்கம் நியாயமானதுதான். ஆனால் அதன் விளைவாக, பழைய ஆலை நிலம் என்றாலே வாங்குபவர்கள் விலகினார்கள், வங்கிகள் கடன் தர மறுத்தன, புதிய தொழிற்சாலைகள் நகரத்தின் நடுவே கிடந்த பாழ்நிலத்தை விட்டுவிட்டு ஊருக்கு வெளியே விளைநிலங்களைத் தேடிப் போயின. எஃகும் நிலக்கரியும் படிப்படியாகச் சரிந்துகொண்டிருந்த பென்சில்வேனியாவுக்கு இது பெரிய அடி. 1995-இல் ஆளுநர் டாம் ரிட்ஜ் மூன்று சட்டங்களில் கையெழுத்திட்டார்: ஒன்று சுத்திகரிப்பு அளவுகோல்களை வகுத்தது (ஆக்ட் 2, அதாவது அவ்வாண்டின் இரண்டாவது சட்டம் என்பது இதுதான்), மற்றொன்று கடன் கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தது, மூன்றாவது ஆய்வுக்கு நிதியுதவி தந்தது.

திட்டத்தின் உயிர்நாடி, விண்ணப்பதாரர் தாமே தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் இயல்பாகவே காணப்படும் நிலைக்கு மண்ணையும் நிலத்தடி நீரையும் கொண்டுவருவது ஒரு வழி. மாநிலம் முழுவதற்கும் பொதுவாக அச்சிடப்பட்ட அட்டவணையில், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் குடியிருப்புக்கு ஓர் எண், குடியிருப்பு அல்லாத பயன்பாட்டுக்கு ஓர் எண் எனக் குறிக்கப்பட்ட வரம்புகளுக்குள் வருவது இரண்டாவது வழி. இங்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களுக்கான இடர் வரம்பு லட்சத்தில் ஒன்று, அதாவது அந்த மாசுக்கு ஆளாகும் லட்சம் பேரில் ஒருவருக்குக் கூடுதலாகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு. மூன்றாவது வழியில், அந்த ஒரு நிலத்தில் யார் எதைத் தொடுவார்கள், எதைச் சுவாசிப்பார்கள் என்று கணக்கிட்டுத் தனி எண்ணை வகுத்துக்கொள்ளலாம். இங்கே பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து பத்து லட்சத்தில் ஒன்று வரையிலான இடர் ஏற்கப்படுகிறது. என் மதிப்பீட்டில் இத்திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இரண்டாவது வழிதான். எந்த எண்ணுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நிலத்தைத் தோண்டுவதற்கு முன்பே, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி இருக்கிறது.

அப்படி இல்லாதபோது என்ன ஆகும் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியாததல்ல. 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறிப் போய்ச் சேர்ந்ததும் இதே பென்சில்வேனியாவுக்குத்தான்; பெத்லஹேம் நகரை ஒட்டிய ஹெல்லர்டவுனில் உள்ள மறுசுழற்சி ஆலை அதைப் பெற்றுக்கொண்டது. கொடைக்கானலில் மீந்த மண்ணுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பு அந்த ஓரிடத்துக்கென்றே பிறகு வகுக்கப்பட்டது. அது போதாது என்ற எதிர்ப்பு பல ஆண்டுகள் நீடித்தது. முன்கூட்டியே அச்சிட்ட அட்டவணை இருந்திருந்தால் வாதம் முற்றிலும் இல்லாமல் போயிருக்காது, ஆனால் வாதிடுவதற்கு ஒரு பொதுவான தரையாவது இருந்திருக்கும்.

வேகத்திலும் குறை சொல்ல முடியாது. அட்டவணைப்படி செய்த சுத்திகரிப்பின் இறுதி அறிக்கையை மாநிலச் சுற்றுச்சூழல் துறை 60 நாட்களுக்குள் பரிசீலிக்க வேண்டும். தனி எண் வகுத்துக்கொண்ட நிலங்களின் அறிக்கைகளுக்கு 90 நாட்கள். கெடு தாண்டினால் அறிக்கை ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். அரசு மேசைகளில் கோப்பு தூங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வரமாகத் தோன்றும். எனக்கோ, ஆள்பற்றாக்குறையில் தவிக்கும் ஒரு துறையின் மௌனம் ஒப்புதலாகிவிடுவது கவலை தருகிறது.

ஒப்புதல் கிடைத்தபின் வருவதுதான் வாடிக்கையாளர் உண்மையில் விலைகொடுத்து வாங்கும் பொருள். அறிக்கையில் அடையாளம் காணப்பட்ட மாசு தொடர்பான பொறுப்பிலிருந்து அவருக்கும், அவருக்குப் பின் கிரயம் பெறுபவர்களுக்கும் சட்டப்படி விடுதலை கிடைக்கிறது. மோசடி, முன்பு அறியப்படாத மாசு வெளிப்படுவது, செய்த சுத்திகரிப்பு பலனளிக்காமல் போவது போன்ற சில காரணங்களால் மட்டுமே அந்தக் கதவு மறுபடி திறக்கும்.

பெத்லஹேமுக்குப் போனால் இதன் பலனைக் கண்ணால் காணலாம். கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு கொடுத்த பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனம் 1995 நவம்பரில் அங்கே இரும்பு உருக்குவதை நிறுத்தியது, 2001-இல் திவாலானது. நகரத்தில் அது விட்டுச்சென்ற நிலம் ஏறத்தாழ 1,800 ஏக்கர். இன்று கோக் உலைகள் இருந்த பக்கமெல்லாம் கிடங்குகளும் தொழிற்பேட்டையுமாக மாறியிருக்கின்றன. 2009-இல் கேசினோ திறந்தது. 2011-இல் ஊது உலைகளின் அடிவாரத்தில் ஸ்டீல்ஸ்டாக்ஸ் என்னும் கலை வளாகம் வந்தது. தாதுவைச் சுமந்த பழைய உயர்பாதை 2015-இல் மக்கள் நடக்கும் பாதையானது. துருவேறிய உலைகளை இடித்துத் தள்ளாமல் அப்படியே நிறுத்தி வைத்திருப்பது மிக நல்ல முடிவு. ஆனால் இதையெல்லாம் ஆக்ட் 2 தனியாகச் சாதித்ததாகச் சொல்லக் கூடாது. வரி வருவாயை முன்வைத்துத் திரட்டிய நிதியும், மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும் இல்லாமல் பணம் வந்திருக்காது. திட்டம் அச்சத்தை நீக்குகிறது. முதலீட்டைக் கொண்டுவர வேறு கைகள் வேண்டும்.

குறைகளில் மிகப் பெரியது, மாசை அகற்றாமல் மூடிவைப்பதற்குக் கிடைக்கும் இடம். தார்ப்பரப்பு, சுத்தமான மண் அடுக்கு, கட்டடத்தின் அடித்தளம் ஆகியவற்றால் மூடி, நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது என்று எழுதிவைத்தாலே பல இடங்களில் தனி எண்ணை எட்டிவிடலாம். செலவு குறைகிறது, வேலை விரைகிறது என்பது உண்மை. ஆனால் அந்த மூடியை ஐம்பது ஆண்டுகள் யார் பார்த்துக்கொள்வது? திட்டம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2007-இல்தான் இத்தகைய கட்டுப்பாடுகளை நிலத்தோடு பிணைந்த உடன்படிக்கையாகப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அதன்பிறகு அவை வில்லங்கம் போல ஆவணங்களில் தொடர்ந்து வருகின்றன என்பது நல்ல திருத்தம். ஆயினும் பதிவேட்டில் இருக்கும் வரி, தார்ப்பரப்பில் விழும் விரிசலைத் தானாக அடைக்காது.

இரண்டாவது குறை, அக்கம்பக்கத்தாருக்குக் கிடைக்கும் இடம். தனி எண் வகுக்கும்போது நகராட்சி 30 நாட்களுக்குள் கேட்டால்தான் விண்ணப்பதாரர் மக்கள் பங்கேற்புத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும். நகராட்சி கேட்காமல் விட்டால், வேலிக்கு அந்தப் பக்கம் வாழ்பவர்களுக்குச் செய்தித்தாள் அறிவிப்புக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை. சுத்தம் செய்ய முன்வரும் நிறுவனத்துக்கு இவ்வளவு தெளிவான காலக்கெடுக்களை வகுத்த சட்டம், அந்த மண்ணின் தூசியைச் சுவாசிப்பவர்களை நகராட்சியின் விழிப்புணர்வை நம்பியிருக்க விட்டது சரியல்ல.

பழைய ஆலை நிலத்தை வாங்க நினைப்பவருக்கு இந்தத் திட்டத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கூடுமானவரை அட்டவணையின் குடியிருப்பு எண்ணையே இலக்காக வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனெனில் பின்னாளில் பயன்பாட்டை மாற்ற நினைத்தால் மறுபடி தோண்ட வேண்டியிருக்காது. இதைப் பார்த்துத் தன் ஊரில் திட்டம் வகுக்க முனையும் அரசு, அட்டவணையையும் காலக்கெடுவையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மக்கள் பங்கேற்பை எல்லா நிலங்களுக்கும் கட்டாயமாக்கி, மூடிவைத்த நிலங்களைக் காலமுறையில் சோதிப்பதற்கான பணத்தை ஒப்புதலுக்கு முன்பே வைப்புநிதியாகப் பெற்றுக்கொள்ள வேண்டும்.