மூன்று பர்பன், மூன்று தானியக் கணக்கு

பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியை வடிக்கும் தானியத்தில் மக்காச்சோளம் குறைந்தது 51% இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பல பாட்டில்களில் அது 70-ஐத் தாண்டிவிடும். அதனால் இனிப்பு வாசம் எல்லாவற்றுக்கும் பொது. ருசியைப் பிரிப்பதில் மிச்சத் தானியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பார்க்கத் தோதான மூன்று கென்டக்கி பாட்டில்களை இங்கே பார்க்கலாம்.

முதலில் ஆல்கஹால் அளவைச் சமப்படுத்துங்கள். மேக்கர்ஸ் மார்க் 45%, வைல்ட் டர்க்கி 101 என்பது 50.5%, ஃபோர் ரோசஸ் சிங்கிள் பேரல் 50%. அப்படியே குடித்தால் சாராயத்தின் எரிச்சலை ரை என்ற தானியத்தின் காரம் என்று நாக்கு தப்பாகக் கணக்குப் போடும். பின்னிரண்டில் 30 மில்லிக்கு 3.5 மில்லி தண்ணீர் சேர்த்தால் மூன்றும் ஏறக்குறைய 45%-க்கு வந்துவிடும். ஐஸ் வேண்டாம்.

மேக்கர்ஸ் மார்க்: மக்காச்சோளம் 70%, கோதுமை 16%, முளைகட்டிய பார்லி 14%. ரை கிடையாது. கோதுமை இனிப்பைக் கூட்டுகிறது என்பார்கள், அப்படியல்ல. சர்க்கரை பெரும்பாலும் நொதித்துவிடும், மிஞ்சியதும் காய்ச்சி வடிக்கும்போது ஆவியோடு மேலேறாது. காரம் குறுக்கே நிற்காததால் பீப்பாயின் வனிலாவும் கேரமலும் முன்னே வருகின்றன, அவ்வளவுதான். இதைத்தான் முதலில் ருசிக்க வேண்டும். ரைக்குப் பிறகு குடித்தால் சப்பென்றிருக்கும். ஐஸ் நிறையப் போட்டாலும் அதே கதி.

வைல்ட் டர்க்கி 101: மக்காச்சோளம் 75, ரை 13, பார்லி 12. ரை குறைவுதான், ஆனாலும் மிளகுக் காரம் தெரிகிறது. அதில் ஒரு பங்கு பீப்பாயைச் சேர்ந்தது: உள்பக்கத்தை நான்காம் நிலை வரை, முதலைத்தோல் போல வெடிக்கும்படி கருக்குகிறார்கள். கிராம்பு வாசம் ஓக்கிலிருந்தும் வரும் என்பதால், காரத்தை எல்லாம் ரையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஃபோர் ரோசஸ்தான் உண்மையான பாடம். இவர்களிடம் இரண்டு தானியக் கணக்குகள். ‘ஈ’ என்பதில் மக்காச்சோளம் 75, ரை 20, பார்லி 5. ‘பி’ என்பதில் 60, 35, 5. ஐந்து ஈஸ்ட்களோடு பெருக்கினால் பத்து செய்முறை. வழக்கமான சிங்கிள் பேரல் ‘ஓபிஎஸ்வி’: இரண்டாம் எழுத்து தானியம், நான்காம் எழுத்து ஈஸ்ட். 35% ரை இருந்தும் முரட்டுத்தனம் இல்லை. ‘வி’ ஈஸ்ட் தரும் மென்மையான பழவாசம் காரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தானியத்தை மட்டும் தனியே பார்க்க, ‘ஓஈஎஸ்வி’ பாட்டில் ஒன்றை இதன் பக்கத்தில் வையுங்கள். ஈஸ்ட் ஒன்றே, வயதும் நெருக்கமாக இருந்தால் வித்தியாசத்தில் பெரும்பகுதி ரையுடையது.

(ரை என்றால் கம்பு என்று சில அகராதிகளில் இருக்கும். நம் கம்பு வேறு பயிர்.)

பார்லியின் முதல் வேலை ருசியல்ல. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அதன் முளையில் உள்ளன. மக்காச்சோளத்தைக் கொதிநிலையை ஒட்டி வேகவைத்து, சூடு தணிந்ததும் ரையோ கோதுமையோ சேர்த்து, 65 டிகிரிக்கு அருகில்தான் பார்லியைப் போடுவார்கள். சூட்டோடு போட்டால் நொதி செத்துவிடும், கூழ் கூழாகவே நிற்கும். ரை கூடினால் கூழ் பசையாகி நுரைத்துப் பொங்கும் தொல்லையும் சேரும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஃபோர் ரோசஸ். ஓல்டு ஃபேஷன்டு என்ற காக்டெய்ல் கலக்க வைல்ட் டர்க்கி 101 போதும். சர்க்கரையும் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறும் சேர்ந்த பிறகும் அதன் காரம் அமுங்காது.