அண்ணாச்சி கடை பில்லிங்கும் ஒரு கன்டெய்னரும்: ஐந்து வருட அனுபவம்

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்குக் கம்ப்யூட்டர் வேலை முழுக்க நான்தான். கடையின் பில்லிங் யாரோ ஒருவர் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது, அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. டேட்டாபேஸைத் தொட அது பயன்படுத்தும் பழைய ஃபங்ஷன்களை பிஎச்பி 7-இல் தூக்கிவிட்டார்கள், அதனால் 5.6-ஐ விட்டு நகராது. அந்த 5.6-க்கு ஆதரவு 2018 டிசம்பரோடு முடிந்தது. "ஓடுறது ஓடட்டும் தம்பி, கை வச்சிராதீங்க" என்பார் அண்ணாச்சி. ஆனால் ஃபைல் ஷேர், கேமரா பதிவு எல்லாம் அதே பெட்டியில் இருந்ததால், இது ஒன்றுக்காக மொத்த சர்வரும் டெபியன் 8 என்ற பழைய லினக்ஸிலேயே கிடந்தது.

2020-இல் 8 ஜிபி ரேம் உள்ள மினி பிசி ஒன்றில், ஒரே பெட்டிக்குள் பல சர்வர்களைத் தனித்தனியாக ஓட்ட உதவும் ப்ராக்ஸ்மாக்ஸ் 6 போட்டு, பில்லிங்கை மட்டும் பிரித்து டெபியன் 8 எல்எக்ஸ்சி கன்டெய்னருக்குள், அதாவது லினக்ஸுக்குள் தடுத்து வைத்த தனி அறை போன்ற ஒன்றுக்குள் வைத்தேன். வெர்ச்சுவல் மெஷின் என்றால் மென்பொருளிலேயே ஒரு முழுக் கம்ப்யூட்டர், அதற்குத் தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), தனியாக ரேம். கன்டெய்னர் ஹோஸ்டின், அதாவது அதைத் தாங்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் பெட்டியின் கெர்னலிலேயே ஓடுகிறது. 512 எம்பி வரம்பு வைத்தேன், அதில் பாதியைக்கூட அது தொட்டதில்லை. வெளியே போகும் வழியான கேட்வே கொடுக்கவில்லை, ஆக கடை நெட்வொர்க்கைத் தாண்டி அதனால் எங்கும் போக முடியாது. கரண்ட் போய் வந்தால், ஹோஸ்ட் எழுந்த சில நொடிகளில் இதுவும் எழுந்துவிடும். மதுரை வெயில் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

அடி வாங்கியதையும் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்த ரசீதுகளை வேறு டிஸ்கில் வைத்து அந்த ஃபோல்டரை கன்டெய்னருக்குள் இணைத்திருந்தேன். கன்டெய்னருக்கு உள்ளே முழு அதிகாரமுள்ள ரூட் யூசர், வெளியே ஹோஸ்டில் 100000 என்ற எண்ணுள்ள சாதாரண ஆள்தான், பாதுகாப்புக்காக அப்படி. அது புரியாமல் பர்மிஷனோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன். அதுகூடப் பரவாயில்லை. அப்படி இணைத்த ஃபோல்டர் கன்டெய்னர் பேக்கப்பில் சேராது என்பது அந்த டிஸ்க் செத்த அன்றுதான் தெரிந்தது! கணக்கப்பிள்ளை காகிதத்தை எல்லாம் கட்டிப் பரணில் போட்டிருந்தார், பிழைத்தேன்.

இன்னொரு நாள் நீண்ட பவர் கட்டுக்குப் பிறகு பில்லில் பழைய வருடம் அச்சாகிறது. போர்டில் இருக்கும் காயின் பேட்டரி தீர்ந்திருக்கிறது, நெட்டும் இல்லாததால் நேரம் தானாகச் சரியாகவில்லை. கன்டெய்னருக்குள் போய்த் தேதியை மாற்றினால் அனுமதி இல்லை என்கிறது. கெர்னல் ஒன்று என்றால் கடிகாரமும் ஒன்றுதானே, ஹோஸ்டில் மாற்றினால்தான் உண்டு. வாசலில் லோடு வண்டி நிற்க, அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

பெரிய சிக்கல் ப்ராக்ஸ்மாக்ஸ் 7-க்குப் போனபோது வந்தது. ரேம், சிபியு போன்றவற்றைப் பங்கிட்டு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி சிகுரூப், அதில் புதிய சிகுரூப் 2 மட்டும்தான் ப்ராக்ஸ்மாக்ஸ் 7-இல் இயல்பாக வந்தது. சிஸ்டத்தை எழுப்பி சர்வீஸ்களைத் தொடங்கிவைப்பது சிஸ்டம்டி, டெபியன் 8-இல் இருக்கும் சிஸ்டம்டி 215-க்கு அது புரியாது. கெர்னலைத் தொடங்கும் கட்டளை வரியில் பழைய சிகுரூப் முறைக்குத் திரும்பும்படி ஒன்றைச் சேர்த்து அன்றிரவு சமாளித்தேன். ஆனால் ஒரு கன்டெய்னருக்காக ஹோஸ்டையே பின்னால் இழுப்பது என்றால் அப்புறம் எதற்குப் பிரித்து வைத்தோம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கன்டெய்னருக்குள் சிஸ்டம்டியை எடுத்துவிட்டு அதே வேலையைச் செய்யும் பழைய சிஸ்வி இனிட் போட்டேன், அந்த வரியையும் நீக்கினேன். ப்ராக்ஸ்மாக்ஸ் 9-இல் பழைய சிகுரூப் அடியோடு போய்விட்டது, அன்றே செய்தது நல்லதாயிற்று.

இதையே இணையத்தில் திறந்து வைக்கும் சர்வீஸுக்குச் செய்வேனா என்றால் மாட்டேன். கெர்னலில் ஓட்டை இருந்தால் சுவர் அங்கேயே விழும், அதற்கு வெர்ச்சுவல் மெஷின்தான். கடைக்குள் ஓடும் பில்லிங்குக்கு இது போதும். மறக்காமல் காயின் பேட்டரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.