மிச்ச எமல்ஷன்: தனியாக மூடி வைப்பதா, ஒன்றாகக் கலப்பதா?

சுவருக்கு எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) அடித்து முடிந்ததும் கால் லிட்டர், அரை லிட்டர் என்று நாலைந்து டப்பாக்களில் மிஞ்சும். எதற்கும் முன் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பாக்டீரியா புகுந்துவிட்டது. சுவரில் அடித்தாலும் அந்த நாற்றம் போகாது.

செலவு
தனியாக: இறுக மூடும் சிறு டப்பாக்கள்.
கலந்தால்: ஒரு வாளி, வடிகட்டப் பழைய நைலான் துணி.

கெடாமல் இருப்பது
தனியாக: பெரிய டப்பாவின் அடியில் விட்டால் உள்ளிருக்கும் காற்றால் மேலே ஆடை படியும். விளிம்புவரை நிறையும் டப்பாவுக்கு மாற்றி, நிற எண், அறை, தேதி எழுதி ஒட்டுங்கள்.
கலந்தால்: சில நாளில் அடித்துத் தீர்த்துவிடுங்கள்.

நிறம்
தனியாக: அதே நிறம்தான். ஆனாலும் சுவர் வெளிறியிருந்தால் புதுத் திட்டு பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடிக்க வேண்டிவரும்.
கலந்தால்: பெரும்பாலும் சாம்பல் அல்லது மண் நிறம். மொத்தத்தையும் ஒரே வாளியில் கலக்குங்கள். பாதியில் தீர்ந்தால் அந்த நிறம் திரும்ப வராது.

எமல்ஷன் தண்ணீரில் கரைவது; எண்ணெய் எனாமலைச் சேர்த்தால் திரிந்துவிடும். வெளிச்சுவர் பெயிண்டில் பூஞ்சைக்கொல்லி இருப்பதால் அது சேர்ந்த கலவையை அறைக்குள் அடிக்காதீர்கள்.

ஒரே நிறம் அரை லிட்டருக்கு மேல் மிஞ்சினால் தனியாக வையுங்கள். துளித்துளியாகப் பல நிறங்கள் என்றால் கலந்து, மாடிப்படிச் சுவருக்கோ காம்பவுண்டின் உள்பக்கத்துக்கோ அடியுங்கள்.