ஆர் மொழியில் ஆண்டு வரம்பு: ஆண்டைப் பிரித்தெடுப்பதா, தேதியையே ஒப்பிடுவதா?

ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில் வரைபடம் வரைய உதவும் ஜிஜிபிளாட்2 தொகுப்போடு வரும் 'எகனாமிக்ஸ்' தரவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பொருளாதாரத்தின் மாதக் கணக்கு அது. 1967 ஜூலை முதல் 2015 ஏப்ரல் வரை 574 வரிசைகள். இதில் 1990 முதல் 1999 வரை மட்டும் வேண்டும். சரியாக வடிகட்டினால் 120 வரிசைகள் வரவேண்டும்.

தேதிப் பத்தியின் பெயர் 'டேட்'. புதிதாகக் கற்பவர் கை முதலில் போவது 'டேட் >= 1990 & டேட் <= 1999' என்பதற்குத்தான். பிழைச் செய்தி வராது, ஒரு வரிசையும் வராது. ஆர் தேதியை 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நாள் கணக்காகவே வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 1990 என்பது 1975 ஜூன் 14; 1999 என்பது ஜூன் 23. இந்தத் தரவிலோ எல்லாமே மாதத்தின் முதல் தேதிகள். மேற்கோள்குறி இல்லாத 1990-01-01 இன்னும் மோசம்: கழித்தல் கணக்காகி 1988 என்று நிற்கும். பிழை சொல்லாமல் தவறான விடை தருவதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தேதிகளைக் கையாளும் லூப்ரிடேட் தொகுப்பில், ஆண்டைப் பிரித்துத் தரும் 'இயர்' வழி படிக்க அழகு. தரவை வடிகட்ட உதவும் டிபிளையர் தொகுப்பின் 'பிட்வீன்' சேர்த்து 'பிட்வீன்(இயர்(டேட்), 1990, 1999)' என்றால் இரு முனைகளும் சேரும். 1992, 1996, 2000 என்று அதிபர் தேர்தல் ஆண்டுகளை மட்டும் பொறுக்கவும் 'இயர்' வழியைவிட நல்ல வழி இல்லை. 'ஃபார்மட்' கொண்டும் ஆண்டைப் பிரிக்கலாம். கிடைப்பது எழுத்துச் சரம், எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

தொடர்ச்சியான வரம்புக்கு என் தேர்வு நேரடி ஒப்பீடு: 'டேட் >= ஆஸ்.டேட்("1990-01-01") & டேட் < ஆஸ்.டேட்("2000-01-01")'. உள்ளே நடப்பது 7305, 10957 என்ற இரண்டு எண்களோடு ஒப்பிடுவது மட்டுமே. தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போதும் தேதிப் பத்தியை ஒரு செயற்கூறுக்குள் போர்த்தாததால் அதன் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அட்டவணை) பயன்படும்.

மேல் எல்லையில் '<=' போட்டு 1999-12-31 என்று எழுதாதீர்கள். தேதியோடு நேரமும் சேர்ந்த போசிக்ஸ்சிடி வகை மதிப்புகளுக்கு மாறும் நாளில், டிசம்பர் 31 பிறக்கும் நள்ளிரவுக்குப் பிந்தைய அன்றைய பதிவுகள் அத்தனையும் உதிர்ந்துவிடும். அப்போது எல்லைகளையும் 'ஆஸ்.போசிக்ஸ்சிடி' கொண்டு, நேர மண்டலம் குறிப்பிட்டே எழுத வேண்டும். இந்திய நேரப்படி 2000 ஜனவரி 1 அதிகாலை 4 மணிக்குப் பதிவானது, உலகப் பொது நேரமான யூடிசியில் இன்னும் 1999தான். 'இயர்' வழியிலும் இதே சிக்கல் உண்டு.

தேதியே விடுபட்ட வரிசைகளை டிபிளையரின் 'ஃபில்டர்' விலக்கிவிடும். ஆரின் சதுர அடைப்புக்குறி கொண்டு வடிகட்டினால் அவை விலகாது. அவை முழுக்க என்ஏ (மதிப்பு இல்லை என்ற குறி) நிரம்பிய வரிசைகளாக 120-க்கு மேல் வந்து உட்காரும்.