மாற்றாத பம்ப்புக்கு 48,000 ரூபா கொடுத்த கதை

காரை கராஜில் விட்டுவிட்டு, சாயங்காலம் போய் சாவியை வாங்கி வருகிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்களுடையது ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய கார். 1000 சிசி, மூன்று சிலிண்டர், ஒட்டோ கியர். தலவாக்கலையில் வீடு, நுவரெலியாவில் பள்ளிக்கூடம். வாரத்தில் ஐந்து நாளும் அந்த ஏற்றம்தான். மழைக்காலத்தில் ஒரு காலை, லிந்துலை தாண்டி பஸ் ஒன்றை முந்துவதற்காக அக்சிலேட்டரை மிதித்தேன். கார் வெட்டி வெட்டி இழுத்தது. பின்னால் யாரோ கயிறு கட்டிப் பிடித்து விடுகிற மாதிரி. எஞ்சின் லைட் மினுங்கி மினுங்கி எரிந்தது. எதிரே லொறி. எப்படித் திரும்பவும் பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினேனோ, தெரியாது. காலை எடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது, மிதித்தால் மறுபடி வெட்டு.

டவுனில் கொஞ்சம் பெரிய கராஜ் ஒன்றில் விட்டேன். வாசலில் ‘கம்பியூட்டர் ஸ்கேன்’ என்று கொட்டை எழுத்தில் பலகை. அந்த மெஷினை என் காரில் யாரும் மாட்டியதை நான் பார்க்கவில்லை. முதலாளி பொனட்டைத் திறந்தார், இரண்டு தடவை ரேஸ் பண்ணினார், மூடினார். “பெற்றோல் பம்ப் போயிட்டுது சேர். ஏத்தத்துல எண்ணெய் பத்தாம வெட்டுது” என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பம்ப் 42,000, கூலி 6,000. மினுங்குகிற லைட்டைப் பற்றிக் கேட்டதற்கு, “அது சென்சர் பிழை, இந்த ஊர்க் குளிருக்கு அப்படித்தான்” என்று பதில்.

மறுநாள் காரை எடுத்தேன். லைட் அணைந்திருந்தது. டவுனுக்குள் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்கள். வெண்ணெய் மாதிரிப் போனது. மணிக்கூட்டைப் பார்த்தால் 12:00 என்று மினுங்குகிறது, ரேடியோவில் வைத்திருந்த ஸ்டேஷன்களும் இல்லை. பெட்டரி வயரைக் கழற்றி மாட்டினால்தான் அப்படி ஆகும். லைட் அணைந்ததும் அதனால்தான். இது எனக்கு உறைத்தது இரண்டு வாரம் கழித்து.

மூன்றாம் நாள் நானுஓயா ஏற்றத்தில் பழைய கதை. திரும்பப் போனேன். இந்தத் தடவை கியர் பொக்ஸ் என்றார்கள். ஒன்றரை லட்சம். “மலைநாட்டுல காத்து மெல்லிசு சேர், கியர் பொக்ஸ் தாங்காது” என்று ஒரு விஞ்ஞான விளக்கம் வேறு. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைந்து எஞ்சினின் பலம் குறைவது உண்மைதான். ஆனால் அப்போது கார் சோம்பலாக ஏறும், வெட்டாது. அன்று அவ்வளவு தெரியாவிட்டாலும், ஒன்றரை லட்சம் என்றதும் கால் தானாகவே வெளியே நடந்தது.

கொட்டகலையில் தகரக் கூரை போட்ட சின்ன கராஜ் ஒன்றைச் சக ஆசிரியர் சொன்னார். அங்கிருந்த தம்பி முதலில் ஸ்கேனரைத்தான் ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டினான். அதில் வந்த பிழைக் குறியீடு பி0303. மூன்றாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் பெற்றோல் சரியாக எரிவதில்லை என்று அர்த்தமாம். இந்தக் காரில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அதற்கு ஸ்பார்க் அடிக்க மின்சாரம் கொடுக்கிற தனித்தனி இக்னிஷன் கொயில். மூன்றாவது கொயிலைக் கழற்றி முதலாவதில் போட்டான், முதலாவதை மூன்றாவதில். அந்தப் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஏற்றத்தில் ஓட்டி வந்தோம். இப்போது பி0301. கொயில் போன இடத்துக்கே பிழையும் போயிருக்கிறது! ஒரு சதம் செலவில்லாமல் அரை மணித்தியாலத்தில் முடிந்த சோதனை.

கழற்றிக் காட்டினான். ரப்பருக்கு மேலே மயிரிழை அளவு வெடிப்பு. மெதுவாக ஓடும்போது ஸ்பார்க் ஒழுங்காக விழும். மிதித்ததும் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடி, ஸ்பார்க்குக்கு அதிக வோல்ட் தேவைப்படும். அப்போது மின்சாரம் அந்த வெடிப்பு வழியாக வெளியே பாய்ந்துவிடும். பனியும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். சமதரையில் ஓட்டிக் காட்டியபோது ஏன் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அப்புறம் அவன் சொன்ன இன்னொன்று: எஞ்சின் லைட் மினுங்கினால் மிதித்து ஓட்டவே கூடாதாம். எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்துகிற கெட்டலிட்டிக் கொன்வர்ட்டரைச் சுட்டுவிடும். சென்சர் பிழை என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்களே.

பேச்சுவாக்கில், போன மாதம் புதுப் பம்ப் போட்டதைச் சொன்னேன். அவன் பின் சீட்டைத் தூக்கினான். இந்தக் காரில் பம்ப்பின் மூடி அங்கேதான். மூடியின் மேல் விரல் வைத்தால் பதிகிற தூசு. நான்கு ஸ்குரூவிலும் துரு. ஒன்றில்கூடச் சாவி பட்ட கீறல் இல்லை. இரண்டு ஸ்குரூக்களுக்கு நடுவே, மகள் எப்போதோ செருகிய டொபித்தாள் தூசோடு தூசாக ஒட்டிக்கொண்டிருந்தது. “சேர், இதை ஜப்பான்ல பூட்டினதுக்குப் பிறகு யாருமே தொறக்கல” என்றான்.

பாவித்த கொயில் 9,500, மூன்று புதுப் பிளக், கூலி 2,000. கார் இப்போது நானுஓயாவில் முனகாமல் ஏறுகிறது.

பழைய கராஜுக்குப் போன் போட்டேன். கொயில் இப்போதுதான் பழுதாகியிருக்கும், பம்ப் வேறு கதை என்றார் முதலாளி. தூசையும் டொபித்தாளையும் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம் என்றுதான் கையில் இருந்த பில்லைத் தேடி எடுத்தேன். அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள், ‘பம்ப் வேலை 48,000’ என்று மட்டும். கராஜ் பெயர் இல்லை, திகதி இல்லை, கையெழுத்தும் இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்று அந்தச் சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் கேட்கவில்லை. கழற்றிய பழைய பம்ப் எங்கே என்றும் அன்றைக்கு நான் கேட்கவில்லை.