காசு கேட்காத காடு, கசகசா அளவு உண்ணி

கோடை தொடங்கியதும் கனடாவின் ரொறன்ரோப் பெரும்பாகத்தில், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் இருக்கும் நம்மவர் வீடுகளில் எழும் முதற்கேள்வி, செலவில்லாமல் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான். போன வாரம் என் ஒன்றுவிட்ட தங்கை கேட்டாள்: "அக்கா, நீங்கள் ரூஜ் பூங்காவே கதி என்று இருக்கிறீர்களே, என் சின்னவர்களோடு போகலாமா?" அவளுக்கு இரண்டு வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று. தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விடயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ரூஜ் தேசிய நகரப் பூங்காவைப் பற்றி ரொறன்ரோக்காரருக்கு அறிமுகம் தேவையில்லை. 2015இல் சட்டப்படி அமைந்தது, கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்கா, ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர். ஆற்றங்கரைக் காடு, சதுப்பு நிலம், இன்றும் உழுது பயிரிடும் பண்ணைகள் எல்லாம் அதற்குள் அடங்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது, வாகனம் நிறுத்தவும் காசில்லை. பக்கத்திலேயே இருக்கும் மிருகக்காட்சிசாலைக்குள் ஒரு குடும்பம் போய்வர ஆகும் செலவை நினைத்தால், இந்தக் காட்டின் அருமை விளங்கும்.

நடைபாதைகளில் மாஸ்ற் பாதை 200 ஆண்டுகளுக்கு முன் கப்பல்களின் பாய்மரத்துக்கு வெண்பைன் மரங்களை வெட்டி இழுத்துச்சென்ற வழி. அழகானது. ஆனால் படிகள் உண்டு, தள்ளுவண்டிலோடு போக முடியாது. இரண்டு வயதுப் பிள்ளை பாதித் தூரத்தில் கையை விரித்துத் தூக்கச் சொல்லும். விஸ்ரா பாதையில் பள்ளத்தாக்கைப் பார்க்க ஒரு மேடை இருக்கிறது. அதில் பெரியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி அதிகம்.

சின்னவர்களுக்கு ஆறுதான் எல்லாம். கரையோரம் கணுக்காலளவு தண்ணீர் ஓடும் இடங்களில் கூழாங்கற்கள் தெளிவாகத் தெரியும். என் மகள் குந்தியிருந்து ஒரு கல்லை இரண்டு கைகளாலும் மெல்லப் புரட்டுவாள். கலங்கல் அடங்கும்வரை மூச்சுவிடாமல் பார்ப்பாள். அடியில் சிங்க இறாலின் இனமான கிரேஃபிஷ் ஒன்று இருந்தால், அது வாலை மடித்துப் பின்னோக்கிப் பாயும். அவள் எழுப்பும் சத்தம் மறுகரை வரை கேட்கும். தொலைபேசித் திரையை விட்டு இறங்காத அவள் தம்பி, அங்கே இரண்டு மணி நேரம் கல் எறிந்துகொண்டே இருப்பான். வேறு எந்தப் பூங்காவின் ஊஞ்சலும் சறுக்குமரமும் அவனை அவ்வளவு நேரம் பிடித்துவைத்ததில்லை. மே மாதத்தில் ஒன்ராறியோவின் மலரான வெள்ளை டிரில்லியம் காட்டுத் தரையை நிறைத்துவிடும். அதைப் பிடுங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள். விதையிலிருந்து பூவைக் காண அந்தச் செடிக்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் உண்ணிக்கு வருகிறேன்.

பத்து நாட்களுக்கு முன் மகளைக் குளிப்பாட்டும்போது அவளுடைய இடது முழங்காலின் பின்மடிப்பில் ஒரு கரும்புள்ளி. மச்சம் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு சிறியது. ஆனால் அந்த இடத்தில் அவளுக்கு மச்சம் இல்லை என்பது எனக்குத் தெரியும். வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தபோது கால்கள் அசைந்தன. கருங்கால் உண்ணியின் இளம்பருவம், கசகசா ஒன்றின் அளவு. கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக இழுத்து எடுத்தேன். இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உண்ணியை ஒரு சிறு போத்தலில் போட்டு, ஈ-ரிக் தளத்துக்குப் படம் அனுப்பினேன். படத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். மிகவும் பயனுள்ள சேவை.

என் கோபம் உண்ணியின் மீது மட்டுமில்லை, அதை அலட்சியம் செய்யும் நம்மவர் மீதும்தான். அந்த ஞாயிறு ஒரு விருந்தில் இதைச் சொன்னபோது, "உண்ணியா? ஊரில் ஆட்டுக்கும் நாய்க்கும் கையால் பிடுங்கி எறிந்தோமே, எங்களுக்கு என்ன வந்தது?" என்றார் ஒரு மாமா. மண்ணெண்ணெய் விடு, தானாக விழும் என்றார் இன்னொருவர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எரிச்சலூட்டினால் அது தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள் கக்கக்கூடும். ஊரில் ஆட்டின் காதில் கண்ட உண்ணி வேறு, இந்த உண்ணி வேறு. இது லைம் நோயின் பக்ரீறியாவைக் கடத்துகிறது. கவனிக்காமல் விட்டால் முகத்தசை ஒருபக்கம் செயலிழக்கலாம், மூட்டுகள் வீங்கலாம், இதயத் துடிப்பே தடுமாறலாம்.

இந்த நோயை உலகம் அறிந்துகொண்டதே தாய்மாரால்தான். 1975இல் அமெரிக்காவின் கனெக்ரிக்கற் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அயலிலும் இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டு வீக்கம் எப்படி வரும் என்று விடாமல் கேட்டவர்கள் இரண்டு தாய்மார். அதன்பிறகே ஆய்வாளர்கள் வந்தார்கள். நோய்க்கிருமியைக் கண்டறிந்தது 1980களின் தொடக்கத்தில். அந்தத் தாய்மாருக்கு இருந்த சந்தேகத்தில் பாதியாவது நமக்கு இருக்க வேண்டாமா?

உண்ணி பறக்காது, குதிக்காது. புல்நுனியிலும் சருகிலும் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும், உரசுபவரைப் பற்றிக்கொள்ளும். பெரியவருக்கு முழங்கால் அளவில் இருக்கும் புல், இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கழுத்தளவு. ஆகவே பாதையின் நடுவில் நடக்கவிடுங்கள். வெளிர்நிற உடை, நீளக் காற்சட்டை, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 20 வீதம் வரையான இக்காரிடின் என்ற பூச்சிவிரட்டி பூசலாம். வீட்டுக்கு வந்ததும் உடைகளைத் துவைக்குமுன் துணி உலர்த்தும் இயந்திரத்தில் கடும் சூட்டில் பத்து நிமிடம் போடுங்கள், ஏனென்றால் தண்ணீரில் சாகாத உண்ணி சூட்டில் சாகும். பிறகு தலைமயிர், காதின் பின்புறம், அக்குள், தொப்புள், அரை, முழங்கால் மடிப்பு என ஒன்றுவிடாமல் பாருங்கள். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. களைத்து வந்த பிள்ளை அழுதாலும் இதைப் பார்க்காமல் படுக்கவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் இத்தனையும் செய்யவேண்டும் என்பதுதான் என்னைச் சலிக்க வைக்கிறது. கிரேஃபிஷ் கண்ட மகிழ்ச்சியோடு கார் கதவைத் திறந்த கணமே பரிசோதனை தொடங்கிவிடுகிறது. பிள்ளை புல்லில் உருண்டால் மனம் பதைக்கிறது. புல்லில் உருளாதே என்று சொல்வதற்கா பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்?

நியாயமாகச் சொன்னால் இது பூங்காவின் குற்றமில்லை. குளிர்காலம் தணியத் தணிய இந்த உண்ணி வடக்கே ஏறி வந்துவிட்டது, பறவைகளே சுமந்துவந்து போடுகின்றன. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காடு இல்லை என்பதே இப்போதும் என் கருத்து.

இருந்தும் இன்றைக்கு என்னிடம் மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான். கடித்த மூன்றாம் நாளிலிருந்து முப்பதாம் நாள்வரை எப்போது வேண்டுமானாலும் லைம் நோயின் அடையாளமான தடிப்புத் தோன்றலாம் என்பதால், தினமும் அந்த முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் இன்றுவரை நன்றாக இருக்கிறாள். தங்கைக்கு என் பதில்: இளம் உண்ணிகள் மிகுந்த மே முதல் யூலை வரை இரண்டு வயதுப் பிள்ளையோடு காட்டுப் பாதைக்குப் போக வேண்டாம். ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் ரூஜ் கடற்கரைக்குப் போங்கள், திறந்த மணலில் உண்ணிப் பயம் மிகக் குறைவு. பெருமழைக்குப் பின் இரண்டு நாட்களுக்கு மட்டும் அங்கே குளிக்க விடாதீர்கள். செப்ரெம்பர் கடைசியில் சினூக் சல்மன்கள் முட்டையிட ஆற்றில் ஏறும். முதுகு வெளியே தெரிய, கல்லில் அடிபட்டு அடிபட்டு அவை எதிர்நீச்சல் போடுவதைப் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். அப்போது நானும் வருகிறேன். வளர்ந்த உண்ணிகள் அந்தக் காலத்திலும் உண்டு, ஆகவே இடுக்கியை நான் கொண்டுவருவேன், வெள்ளைக் காலுறைகளை நீ கொண்டுவா.